பந்தடிக்க வந்த மருமகன்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் அணி இந்த வருடம் கப் தூக்கும் என்ற செய்தி ஒவ்வொரு வருடமும் பங்குனியில் வந்துவிடும். பனி கரைந்து புல் தெரிந்தால் போதும், என் வீட்டு வரவேற்பறையில் ஐந்தாறு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் முழங்காலுக்குப் பட்டி போட்டிருப்பார். இன்னொருவருக்குச் சீனி வருத்தம். இன்னொருவர் சோபாவிலிருந்து எழும்புவதென்றால் இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். இவர்கள்தான் கோடைச் சுற்றுப்போட்டியில் ஓடி ஓடிக் கோல் அடிக்கப் போகிறவர்கள். நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைப்பேன். அதே கல்லூரியில் நானும்தான் படித்தேன். ஆனால் சங்கத்தில் எனக்குத் தந்திருக்கும் பதவி ரோல்ஸ் பொரிப்பது.

ஊரிலிருக்கும் கல்லூரிகளின் பெயரில் இங்கே ஜெர்மனியில் சங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சங்கங்களின் பெயரில் உதைபந்தாட்ட அணிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் எல்லா அணிகளும் ஒரு மைதானத்தில் கூடி இரண்டு நாள் விளையாடும். பெரிய கல்லூரிகளுக்கு ஆட்களுக்குக் குறைவில்லை. எங்களுடையது கடற்கரையோரத்துச் சின்னக் கல்லூரி. ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் இரண்டு கால்களும் ஒழுங்காக வேலை செய்கிற பழைய மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் அளவுக்குத்தான் தேறுவார்கள். நாங்கள் முதல் நாள் மத்தியானத்துக்கு முன்னரே தோற்றுவிடுவோம். பிறகு பின்னேரம்வரை நிழலில் இருந்து நடுவரைத் திட்டுவோம். அது எனக்குப் பிடித்தமான ஏற்பாடாகத்தான் இருந்தது, ஏனென்றால் வெள்ளெனவே வீட்டுக்கு வந்துவிடலாம்.

போன வருடம் என் கணவரைத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து மனிதர் நடக்கும் நடையே மாறிவிட்டது. எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு மெல்லிய ஜக்கெட்டோடு வந்திறங்கி, அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குப் பட்ட பாட்டை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் இப்போது பல்கனியில் நின்று, காதில் போனை வைத்துக்கொண்டு, யாரை எங்கிருந்து எடுக்கலாம் என்று கதைக்கத் தொடங்கினார். தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு ‘ட்ரான்ஸ்பர்’ என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. எங்கள் வரவேற்பறையில் அந்தச் சொல் ஒரு நாளைக்கு ரோல்ஸைவிட அதிகமாக வாயில் அரைபட்டது.

முதலில் வந்தவர்கள் ஒரு அண்ணன் தம்பி. வேறொரு கல்லூரி அணியில் விளையாடியவர்கள். கப்டன் பதவி கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்தார்கள். அப்படிக் கோபித்துக்கொண்டு அவர்கள் போனது அது முதல் தடவையுமல்ல. அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு சிக்கல் இருந்தது, ஏனென்றால் சுற்றுப்போட்டிக்கு ஒரு விதி உண்டு. விளையாடுகிறவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவராக இருக்க வேண்டும், அல்லது பழைய மாணவரின் பிள்ளையாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பழைய மாணவரின் மகளைக் கட்டியவராகவோ, கட்டுவதற்குப் பேசி முற்றானவராகவோ இருக்கலாம். கடைசியில் உள்ளதை எந்தப் புண்ணியவான் சேர்த்தாரோ தெரியாது. பெண்பிள்ளைகளை மட்டும் பெற்ற யாரோ அழுது கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன் தம்பியின் தகப்பன் இடம்பெயர்ந்த காலத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு தவணை இருந்தாராம். இருந்தார் என்றால், அந்தத் தவணை முழுக்கக் கல்லூரி அகதிமுகாமாக இருந்தது. மனிதர் ஒரு வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்து எழும்பியிருக்கிறார். அது போதும், அவர் பழைய மாணவர்தான் என்று என் வீட்டு வரவேற்பறையில் தீர்மானம் நிறைவேறியது. யாருக்கும் வெட்கமாக இருக்கவில்லை.

மூன்றாவது ஆளை என் கணவரே கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை கார்ஹிங் என்ற ஊர்ப்பக்கம் போனவர், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு பெடியன் பந்தடிப்பதைப் பார்த்துவிட்டு, புதையல் எடுத்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை. இயந்திரங்கள் சம்பந்தமாக ஏதோ ஆராய்ச்சி செய்கிறவன். தமிழ்நாட்டில் கல்லூரி அணியில் முன்னணியில் விளையாடியவனாம். அவனை எடுத்தால் கப் எங்களுக்குத்தான் என்று சொல்லும்போது கணவருக்குக் குரல் தழுதழுத்தது. எங்கள் மகள் பிறந்தபோது அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் கூடியவர்களில் செயலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அண்ணை, இவனை ஆரின்ரயும் பிள்ளையெண்டு சொல்லேலாது. வாயைத் திறந்தா இந்தியாத் தமிழ். உடன பிடிச்சிடுவாங்கள்.”

“அப்ப மருமகனெண்டு சொல்லுவம்,” என்றார் முழங்காலுக்குப் பட்டி போட்டவர்.

கட்டுகிற வயதில் மகள் யாருக்கு இருக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து என் வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே என் மகள் பட்டமளிப்பு உடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ரோல்ஸ் தட்டோடு வாசலில் நின்றேன்.

“என்ன கதைக்கிறியள்?” என்றேன்.

“பேருக்குத்தானே,” என்றார் என் கணவர்.

“ஆரின்ர பேருக்கு?”

அவர் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். “இஞ்சாரும், இது விளையாட்டு விசயம். உமக்கு விளங்காது. ஆவணியோட முடிஞ்சிடும். ஆரும் கேட்டா ஓமெண்டு சொன்னாச் சரி.”

எனக்கு விளங்காத விசயம் ஒன்றும் அதில் இல்லை. மகள் டிரெஸ்டனில் படித்து அங்கேயே ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே தன்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளையைத் தானே பார்த்திருந்தாள். அவனும் எங்கள் ஊராட்களின் பிள்ளைதான், ஜெர்மனியின் வடக்கே ஒரு நகரத்தில் வளர்ந்தவன். அவனுடைய தாய் உயிர்த்த ஞாயிறன்று எனக்குப் போன் எடுத்து, கோடை விடுமுறை முடிய வீட்டுக்கு வந்து கதைக்கிறோம் என்று சொன்னவ. அது என் கணவருக்கும் தெரியும். சந்தோசம் என்று சொல்லி ஒரு மீன் குழம்பையும் அன்றைக்குத் தானே வைத்தார். அந்த மனிதர்தான் இப்போது ஒரு தோல்பந்துக்காக மகளை இன்னொருவனுக்கு முற்றாக்கிவிட்டு வந்து, எனக்கு விளங்காது என்கிறார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு வரவேற்பறைக்குப் போனார்.

வைகாசியில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டம் பக்கத்து ஊர் ஜெர்மன்காரரின் மூத்தோர் அணியோடு. ஓய்வூதியத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள். ஆட்டம் முடிந்தபின் குடிக்கப்போகிற பியரை நினைத்துக்கொண்டே ஓடினார்கள். அவர்களை எங்கள் ஆட்கள் வென்றுவிட்டார்கள். கார்ஹிங் பெடியன் இரண்டாம் பாதி முழுக்கத் தனியாகவே பந்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் அடித்தான், மற்றவர்கள் அவன் பின்னால் கையைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த வெற்றியோடு பைத்தியம் முற்றிவிட்டது. கப்பை யார் வீட்டில் வைப்பது என்று அன்று பின்னேரமே வாக்குவாதம். வெற்றிவிழாவுக்கு மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார்கள். புது ஜெர்சியில் நெஞ்சுப் பக்கம் ஒரு நட்சத்திரம் வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, கிண்ணம் எடுத்தவர்கள்தான் அப்படி வைப்பார்கள் என்று எவரும் சொல்லாமல், எந்த நிறத்தில் வைக்கலாம் என்று யோசித்தார்கள். ஆரம்பத்திலிருந்து அணியில் இருந்த பழைய ஆட்களைக் கோட்டுக்கு வெளியே வாங்கில் இருத்தினார்கள். வருடக்கணக்காகத் தோற்றுத் தோற்றே அணியைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். இனி அவர்களுக்குத் தோற்பதற்கும் இடமில்லை. அதில் ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கும் வேலைக்கு மாறி, அதையும் பெருமையாகச் செய்தார். அவரைப் பார்த்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் எங்களுக்குத் தமிழில் பூசை நடக்கும். ஆனி மாதப் பூசை முடிந்து வாசலுக்கு வந்த என்னை ஒரு பெண் கட்டிப் பிடித்தாள்.

“என்னக்கா, மூச்சே விடேல்லை. மகளுக்கு முற்றாயிட்டுதாம். இந்தியாப் பெடியனாம். வேதக்காரரோ?”

“அப்பிடி ஒண்டும் இல்லை. அது பந்தடிக்கிறதுக்குச் சொன்ன கதை.”

“ஓமோம், நல்லாப் பந்தடிப்பாராம். எங்கட மனுசன் சொன்னவர்.”

நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். நான் மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள். பக்கத்தில் நின்றவர்களும் கைகொடுத்தார்கள். என் கணவர் சற்றுத் தள்ளி நின்று, பாதிரியாருக்கு எங்கள் முன்னணி வரிசையை விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை டிரெஸ்டன் பிள்ளையின் தாய் எனக்குப் போன் எடுத்தா. கோபமாகக் கதைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவ மரியாதையாகக் கதைத்தா.

“உங்கட மகளுக்கு முற்றாயிட்டுதெண்டு கேள்விப்பட்டம். சந்தோசம். எங்களுக்கு ஒரு சொல் முதலே சொல்லியிருக்கலாம்.”

நான் நடந்ததை அப்படியே சொன்னேன்.

“பந்துக்காகப் பெத்த தகப்பன் மகளை அப்பிடிச் சொல்லுவாரோ?” என்று கேட்டா.

அவ நம்பவில்லை. அவவில் பிழை சொல்ல மாட்டேன், புத்தியுள்ள எவரும் நம்பமாட்டார்கள். நான் சொன்ன உண்மை அவர்கள் சொன்ன பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன்.

மகள் விசயத்தைக் கேள்விப்பட்டு அன்றே கதைத்தாள். “அம்மா, அவற்ற அம்மா அவரோடயே முகம் குடுத்துக் கதைக்கிறா இல்லையாம். நான் ரெண்டு பெடியளையும் ஏமாத்தினதெண்டு நினைக்கிறா. அப்பாட்டச் சொல்லி நிப்பாட்டுங்கோ.”

அவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார், பயிற்சிக்கு நேரமாகிவிட்டதாம்.

“இப்ப மாத்தினா ரீமையே வெட்டிப்போடுவாங்கள். சீசன் முடியட்டும். நானே நேர போய் அவையோட கதைக்கிறன். எல்லாம் வெல்லலாம்.”

“எதை வெல்லுறது?”

“முதல் கப்பை,” என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெடியனிடமே கேட்டுப்பார்ப்போம் என்று ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒழுங்கான பிள்ளை, சப்பாத்தை வாசலில் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு வந்தான். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினான்.

“தம்பி, என்ர மகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கினமெண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியும் ஆன்ட்டி. அங்கிள் சொன்னாரு. ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டிதானே. நோ ப்ராப்ளம்.”

“உம்மட அம்மாவுக்குச் சொன்னனீரோ?”

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “ஐயோ ஆன்ட்டி, அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். ஊர்ல எனக்கு அலையன்ஸ் பாத்துட்டு இருக்காங்க. ப்ளீஸ், அவங்க காதுக்கு மட்டும் போகாம பாத்துக்குங்க.”

தன் பெயர் என்றதும் அவனுக்கு எல்லாம் விளங்கியது. என் மகளுடைய பெயர் அவனுக்கு ஃபார்மாலிட்டி. நான் அவனுக்குத் தயிர் ஊற்றினேன்.

சுற்றுப்போட்டி நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள், ஒரு பக்கம் கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம், மறுபக்கம் ஒலிபெருக்கி. இந்தப் போட்டிகளுக்கு வர்ணனையாளர் என்று ஒருவர் இருப்பார். காலை தொடங்கினால் இருட்டும்வரை மைக்கை விடமாட்டார். பந்தோடு போகிறவர் யார், அவர் யாருடைய மகன், யாருடைய பெறாமகன் என்று சொல்லிச் சொல்லியே ஆட்டத்தை நடத்துவார். அவருக்கு எங்கள் அணி விவரத்தைச் செயலாளர் காதில் ஓதிவிட்டிருந்தார்.

“இதோ பந்து தலைவரின் மருமகன் காலில்,” என்று ஒலிபெருக்கி அலறியது. “மாமனார் பார்த்துக்கொண்டிருக்கிறார், மருமகன் விரைகிறார்.”

கூடாரத்துக்குக் கூடாரம் தலைகள் என் பக்கம் திரும்பின. என் கணவர் கோட்டுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். அணி வென்றது. அடுத்ததிலும் வென்றது. ஒவ்வொரு கோலுக்கும் என் மகளை ஒருதரம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் கல்லூரி வரலாற்றில் நடக்காத விசயம். தண்ணீர்ப் போத்தல்காரர் அழுதார்.

இறுதியாட்டத்துக்கு முதல் எதிரணியினர் முறைப்பாடு வைத்தார்கள். கார்ஹிங் பெடியன் தலைவரின் மருமகன் இல்லை, சும்மா கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஏற்பாட்டுக் குழுவினர் என்னைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். இப்படியான பிரச்சினைக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தகப்பனை நம்பமாட்டார்கள், அவருக்குப் பந்துப் பைத்தியம் என்று எல்லோருக்கும் தெரியும். தாயைக் கேட்பார்கள். பெத்த தாய் மகளின் கலியாணத்தில் பொய் சொல்லமாட்டாள் என்பது அவர்கள் எண்ணம். அவள் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

மேசைக்குப் பக்கத்தில் என் கணவர் நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லும்,” என்றார் மெல்ல. “இத்தனை வருசத்தில நான் உம்மட்ட என்ன கேட்டனான்?”

குழுவில் மூத்தவர் எழும்பி நின்று கேட்டார். “அக்கா, குறை நினையாதேங்கோ. இந்தத் தம்பி உங்கட மகளுக்கு முற்றானவரோ? நீங்கள் ஓமெண்டா ஓம்.”

“நான் மைக்கில சொல்லலாமோ?” என்றேன்.

“அது ஏனக்கா? எங்களுக்குச் சொன்னாக் காணும்.”

“நேற்றுக் காலமையிலயிருந்து மைக்கிலதானே சொல்லுறியள்.”

மூத்தவர் வர்ணனையாளரைப் பார்த்தார். வர்ணனையாளர் மைக்கைத் தந்தார். வெயிலில் கிடந்து அது சுட்டது. மைக்கை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை. என் குரல் எங்கேயோ தூரத்தில் இருந்து எனக்கே திரும்பி வந்தது.

“நான் இந்தக் கல்லூரிப் பழைய மாணவி. தலைவரின்ர மனிசி. எங்கட மகளுக்கு இந்தத் தம்பியோட ஒண்டும் முற்றாகேல்லை. அவர் பந்தடிக்க வந்தவர், எங்கட மருமகன் இல்லை. அவரை அப்பிடிச் சொன்னது கப்புக்காக. மகளை ஒருத்தரும் ஒரு சொல்லும் கேக்கேல்லை.”

கொத்து ரொட்டிச் சத்தம் நின்றிருந்தது. பிறகு கதிரைகள் இழுபட்டன. எங்கள் அணியை வெட்டிவிட்டார்கள், மூன்றாம் இடத்து அணி இறுதியாட்டத்துக்குப் போனது. அண்ணன் தம்பி இருவரும் நின்ற இடத்திலேயே ஜெர்சியைக் கழற்றி வாங்கில் போட்டுவிட்டு, பக்கத்துக் கூடாரத்தில் போய் வேறொரு அணித்தலைவரோடு அடுத்த வருடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். கார்ஹிங் பெடியன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். செயலாளரின் மனைவி என்னிடம் வந்து, “நீங்கள் செய்தது சரிதான் அக்கா, எண்டாலும் எங்கட பெடியள் பாவம்,” என்றாள். அந்தப் பெடியள் எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. துக்கம் விசாரிப்பதுபோல ஒவ்வொருவராக என் கணவரின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். மகளைப் பற்றி அவரிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கார் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். நெடுஞ்சாலையில் வெயில் இன்னும் இருந்தது. மகள் எடுத்தாள். காரில் போன் எடுத்தால் இரண்டு பேருக்கும் கேட்கும்.

“அம்மா, நீங்கள் கதைச்சதை ஆரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கினம். எல்லாருக்கும் போயிட்டுது. அவற்ற அம்மாவும் பாத்தவ. இப்பதான் எனக்கு எடுத்தவ.”

“என்ன சொன்னவ?”

“சொன்னமாதிரியே வருவினமாம். உங்களோட கதைக்கோணுமாம்.”

எனக்குக் கண் நிறைந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

“அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?” என்று மகள் கேட்டாள்.

“ஓம். ஓட்டிக்கொண்டிருக்கிறார்.”

“ஏதும் சொன்னவரோ?”

நான் அவரைப் பார்த்தேன். ஒரு சொல் போதும் என்று நினைத்தேன். மகளே என்று தொடங்கினால்கூடப் போதும், மிச்சத்தை அவளே முடித்திருப்பாள். அவர் ரோட்டைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

“கொம்மா ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம்,” என்றார். “மட்ச் முடியச் சொல்லியிருக்கலாம்.”

மகளுடைய குரல் வந்தது. கோபமில்லாமல், டொக்டரிடம் ஒரு டெர்மின் எடுப்பதுபோலச் சொன்னாள்.

“அம்மா, அவை வாற அண்டைக்கு அப்பா வீட்டில நிக்க வேண்டாம்.”

தலைவரும் இல்லை, மாமனாரும் இல்லை, நரைத்த மீசையோடு ஒரு மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க வராத இரக்கம் எனக்கு அப்போது அவர்மேல் வந்தது. அவருக்காக மகளிடம் நான் ஒரு சொல் பேசியிருக்கலாம்.

“சரி பிள்ளை,” என்றேன்.